தடியடியும் கண்ணீர்ப்புகையும்: குழந்தையின் உடலில் தங்குவதும் மனத்தில் தங்குவதும்

எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய பாட்டி எங்கள் குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவுக்கு மூன்று வாரங்களில் நான்கு முறை அழைத்து வந்தார். காலை வேளையில் வயிற்றுவலி. பத்து மணியைத் தாண்டினால் வலி இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளிலும் இல்லை. பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று, சிறுநீர்ப் பரிசோதனை செய்தாயிற்று, ஸ்கேனும் எடுத்தாயிற்று. எல்லாம் இயல்பாகவே இருந்தன. பள்ளிக்குப் போக விருப்பமில்லாத பிள்ளை என்று நாங்களும் ஏறத்தாழ முடிவுகட்டிவிட்டோம்.

நான்காம் முறை வந்தபோது எடை பார்த்த செவிலியர் பேச்சோடு பேச்சாக, “பள்ளிக்கூடத்துக்கு எதில போற, கண்ணு?” என்று கேட்டார். “ஆட்டோ” என்றான். அதன்பின் ஒரு சொல்லும் பேசவில்லை. பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். பாட்டி தயங்கித் தயங்கிச் சொன்ன செய்தி இது: சில மாதங்களுக்கு முன் ஒரு சாலை மறியல் நாளில், தாய்மாமனுடன் கடைக்குப் போன சிறுவன் கூட்டத்துக்கும் காவலர்களுக்கும் நடுவே சிக்கிக்கொண்டான். மாமன் முதுகில் தடி விழுந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தான். சிறுவன்மேல் ஓர் அடியும் படவில்லை. ஆதலால் அவனை யாரும் மருத்துவரிடம் காட்டவில்லை. ஆட்டோ ஓட்டுநர் அணிவதும் காக்கிச் சட்டையே என்பது யாருக்கும் தோன்றவில்லை. சிறுவனுக்கு மட்டும் அது நாள்தோறும் காலை எட்டு மணிக்கு வாசலில் வந்து நின்றது.

(குழந்தையை அடையாளம் காண இயலாதவாறு சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

இதை இவ்விதழில் எழுதுவதற்குச் சற்றுத் தயக்கம் இருந்தது. சர்க்கரை நோய்க்கும் மழைக்காலக் காய்ச்சலுக்கும் பழகிய பக்கங்கள் இவை. ஆயினும் நெய்வேலியில் வாழும் குடும்பங்களுக்கு இது தொலைவான பொருளன்று. 2014 மார்ச் 17 அன்று இரண்டாம் சுரங்க வாயிலில் மத்திய தொழில் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் சுட்டதில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து திரண்ட கூட்டத்தின்மீது தடியடி நடந்தது. 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில், பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக நெற்பயிர் நின்ற வயல்களில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. மாவட்டத்தின் பல இடங்களில் பேருந்துகள்மீது கல் வீசப்பட்டது. ஜூலை 28 அன்று பாட்டாளி மக்கள் கட்சியின் முற்றுகைப் போராட்டம் நெய்வேலியில் நடந்தது. அதன் தலைவர் அன்புமணி இராமதாஸ் கைதானதும் கல்வீச்சு தொடங்கியது. தடியடி, தண்ணீர்ப் பீய்ச்சல், கண்ணீர்ப்புகை, வானத்தை நோக்கித் துப்பாக்கிச் சூடு என்று அன்று நடந்தவற்றைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. காவலர்களும் காயமுற்றனர்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது மருத்துவமனையின் வேலையன்று. தடியால் அடிபட்டவரும் கல்லால் அடிபட்டவரும் ஒரே தையல் அறைக்குத்தான் வருகின்றனர். எங்கள் கவலை, அந்த இருவரின் வீடுகளிலும் இருக்கின்ற பிள்ளைகளைப் பற்றியது.

புகை என்பது புகையன்று

கண்ணீர்ப்புகை எனப்படுவது உண்மையில் வாயுவன்று. காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய தூள். பெரும்பாலும் பயன்படுவது சி.எஸ். என்னும் வேதிப்பொருள். அது கண்ணிலும் மூக்கிலும் தோலிலும் படிந்து எரிச்சலூட்டுகிறது. ஆடையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொள்கிறது. 1993ஆம் ஆண்டின் வேதியியல் ஆயுத உடன்படிக்கை இதைப் போர்முறையாகப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. உள்நாட்டில் கூட்டத்தைக் கலைப்பதற்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. எதிரிப் படைவீரன்மீது வீசக் கூடாத ஒன்றைச் சொந்த ஊர்த் தெருவில் வீசலாம் என்பது சட்டம் கற்றவர்களுக்கு விளங்கலாம். எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

1969 ஆகஸ்டில் வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் குடியிருப்புப் பகுதியொன்றில் இந்தப் புகை பெருமளவில் வீசப்பட்டது. வீடுகளுக்குள் இருந்த குழந்தைகளும் முதியோரும் அதைச் சுவாசித்தனர். அதையடுத்து ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த் என்னும் மருத்துவரின் தலைமையில் பிரிட்டிஷ் அரசு ஒரு குழுவை அமைத்தது. இத்தகைய பொருளை ஆயுதத்தைச் சோதிப்பதுபோல் சோதித்தால் போதாது, புதிய மருந்தொன்றைச் சோதிக்கும் அளவுக்குக் கவனம் வேண்டும் என்பது அக்குழு கூறிய கருத்து. திடகாத்திரமான இளைஞர் மட்டுமே தெருவில் இருப்பதில்லை. ஆஸ்துமாக்காரரும் கைக்குழந்தையும் இருப்பர் என்பதே அதன் பொருள்.

குழந்தைக்கு ஏன் கூடுதல் இடர்? பெரியவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். இரண்டு வயதுக் குழந்தை 30 முறை வரை விடுகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் அது உள்ளிழுக்கும் காற்று மிக அதிகம். அதன் மூச்சுக்குழாயோ குறுகலானது; சற்று வீங்கினாலும் இளைப்பு வந்துவிடும். இந்தத் தூள் காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டியே தங்கும். குழந்தையின் முகம் இருப்பதும் அந்த உயரத்தில்தான். சுரங்கத் தூசியாலும் சாம்பலாலும் ஏற்கெனவே இழுப்பு உள்ள பிள்ளைகள் நம் பகுதியில் உண்டு என்பதைப் பெற்றோருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்பாராமல் புகையில் சிக்கினால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு காற்று வரும் திசையை நோக்கி, மேடான இடத்துக்குச் செல்லுங்கள். கண்ணைக் கசக்க விடாதீர்கள். தூய நீரால் பத்துப் பதினைந்து நிமிடங்கள் கண்ணைக் கழுவுங்கள். மேலாடையைத் தலைவழியாக இழுக்காமல் முன்புறம் திறந்தோ, தேவையானால் வெட்டியோ அகற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். பின்னர்ச் சோப்பும் நீரும் கொண்டு உடலையும் தலையையும் கழுவுங்கள். எண்ணெய், பால், வெங்காயம், பற்பசை எதுவும் வேண்டா. ஒன்றைப் பலரும் மறந்துவிடுகின்றனர்: உங்கள் புடைவையிலும் சட்டையிலும் அதே தூள் இருக்கிறது. அழும் குழந்தையை அப்படியே மார்போடு அணைத்தால் கழுவிய முகத்தில் மீண்டும் படியும். பாலூட்டும் தாய் தம்மைக் கழுவிக்கொண்டு பாலூட்ட வேண்டும்.

திறந்த வெளியில் எரிச்சல் பொதுவாக அரைமணி நேரத்தில் தணியும். தணியாமல் கண்வலியோ பார்வை மங்கலோ நீடித்தால், மூச்சில் விசில் சத்தம் கேட்டால், மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு வழக்கமான இன்ஹேலரை முதலில் கொடுத்துவிட்டு வாருங்கள். அன்றிரவு முழுவதும் அப்பிள்ளையின் மூச்சைக் கவனியுங்கள்.

தடியடியில் தலையில் அடிபட்ட எவரையும், தையல் தேவையில்லாத சிறு காயமானாலும், வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம் இருக்கின்றனவா என்று ஒருநாள் முழுதும் பார்க்க வேண்டும். தொடையிலும் முதுகிலும் பலமுறை அடிபட்டவர் விஷயத்தில் வேறோர் இடர் உண்டு. நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் புரதம் சிறுநீரகத்தை அடைக்கக்கூடும். வீடு திரும்பியவரின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெட்கப்பட்டு இதை மறைப்பவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். வீட்டுப் பெண்கள் கேட்டால் சொல்ல மாட்டார்கள், மகன் கேட்டால் சில வேளை சொல்வார்கள்.

அடிபடாத பிள்ளை

இனி, அடிபடாத பிள்ளையைப் பற்றி. தான் நம்பும் பெரியவர் தரையில் விழுவதைப் பார்ப்பது குழந்தைக்கு ஒரு தனி அனுபவம். அப்பாவால் எதையும் செய்ய முடியும் என்று எண்ணியிருந்தது, அப்பாவால் தம்மையே காத்துக்கொள்ள இயலவில்லை என்று காண்கிறது. அதோடு, ஆபத்தென்றால் யாரிடம் ஓட வேண்டும் என்று பள்ளியில் கற்பித்தார்களோ அவர்களே அடிக்கின்றனர். திருடன் அடித்தால் காவலரிடம் போகலாம். காவலர் அடித்தால் எங்கே போவது? பெரியவர்களே விடை தேடும் கேள்வி அது.

மூன்று நான்கு வயதுக் குழந்தை இதைச் சொல்லாது. நிறுத்தியிருந்த படுக்கை நனைத்தல் திரும்ப வரும், தாயைவிட்டு விலகாது, ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடும், அதில் யாரோ ஒருவரை அடித்துக்கொண்டே இருக்கும். பள்ளி வயதுப் பிள்ளைக்குத் தலைவலியும் வயிற்றுவலியும் வரும், பாடத்தில் கவனம் சிதறும். பட்டாசுச் சத்தத்துக்கும் கதவு தட்டும் ஓசைக்கும் திடுக்கிடும். பதின்ம வயதினரோ அழுவதில்லை; சினம் கொள்கின்றனர், அல்லது அறையைச் சாத்திக்கொள்கின்றனர். அவர்களைத்தான் நாம் ‘திமிர் ஏறிவிட்டது’ என்று திட்டுகிறோம்.

இவை நோயல்ல. முதல் சில வாரங்களில் இவ்வாறு இருப்பது இயல்பே. உண்ணும் நேரம், உறங்கும் நேரம், பள்ளி ஆகியவை பழையபடி நடந்து, அருகில் ஒரு பெரியவர் பொறுமையாக இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் மீண்டுவிடுகின்றனர். ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவு, பயம், விலகல் நீடித்தால் மனநல மருத்துவரின் உதவி தேவை. ‘பைத்தியம் என்று எழுதிவிடுவார்களோ’ என்று அஞ்ச வேண்டா. அப்படி யாரும் எழுதுவதில்லை. நேரில் வரத் தயக்கமானால் 14416 என்னும் டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

வீட்டில் செய்யக்கூடியவற்றுள் முதலாவதாக நாங்கள் கேட்பது கைப்பேசியைப் பற்றியது. நிகழ்வு ஒருமுறை நடக்கிறது. காணொளி நூறுமுறை நடக்கிறது. தடியடிக் காட்சியை வீட்டுக் கூடத்தில் உரக்க வைத்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். சிறு குழந்தைக்கு, திரையில் மீண்டும் வருவது பழைய காட்சி என்பது விளங்காது. இப்போதும் எங்கோ அடி விழுந்துகொண்டிருப்பதாகவே நினைக்கும்.

அடுத்தது, மௌனம். ‘சின்னப் பிள்ளை, மறந்துவிடும்’ என்று நாம் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கிறோம். பிள்ளை அதற்கு வேறு பொருள் கொள்கிறது: ‘இது பேசக் கூடாத செய்தி, ஒருவேளை என் தவற்றால் நடந்திருக்கலாம்.’ நடந்ததை எளிய சொற்களில் சொல்லுங்கள். ‘மாமாவை அடித்தார்கள். அது உனக்குப் பயமாக இருந்தது. மாமாவுக்குக் காயம் ஆறிவிட்டது. உன்மேல் ஒரு தவறும் இல்லை.’ அவ்வளவு போதும். மேற்கொண்டு துருவிக் கேட்க வேண்டா. அது பேச விரும்பும்போது பேசட்டும்.

இன்னொன்றும் உண்டு, சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் ஊசி போடும் அறையில் அன்றாடம் கேட்கும் வாசகம், “அழுதீன்னா போலீசுல புடிச்சுக் குடுத்துடுவேன்.” சோறு உண்ணாவிட்டாலும் போலீஸ், தூங்காவிட்டாலும் போலீஸ். பூச்சாண்டிக்கு ஓய்வு கொடுத்து அந்த வேலையைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டோம். தொலைந்துபோன பிள்ளை, காக்கிச் சட்டையைக் கண்டதும் ஒளிந்துகொண்டால் அதில் நம் பங்கும் இருக்கிறது.

காவலர் வீட்டுப் பிள்ளைகளையும் இங்கே நினைக்க வேண்டும். தந்தையின் தலையில் கல் விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த மகளும், மறுநாள் வகுப்பில் ‘உங்கப்பாதானே அடிச்சாரு’ என்று கேட்கப்பட்ட மகனும் இதே வரிசையில்தான் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கும் அதே தூக்கமின்மை, அதே வயிற்றுவலி. எங்கள் காத்திருப்புக் கூடத்தில் ஒருவர் பக்கத்தில் ஒருவராக அமர்ந்திருந்தும் அவர்கள் அறியாமல் போகலாம்.

குழந்தைகளைப் போராட்டத்துக்கு ஏன் அழைத்துச் செல்ல வேண்டும் என்று கேட்போர் உண்டு. அழைத்துச் செல்லாதிருப்பதே நல்லது என்பது மருத்துவர்கள் என்ற முறையில் எங்கள் கருத்து. ஆனால் நிலத்தைப் பற்றிய போராட்டத்தில் போராட்டக் களம் வேறு, வீடு வேறு என்றிருப்பதில்லை. 2012 செப்டம்பர் 10 அன்று இடிந்தகரைக் கடற்கரையில் கண்ணீர்ப்புகை வீசப்பட்டபோது அங்கே ஊரே இருந்தது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தனர். அவர்களுள் ஒருவர் 17 வயதுப் பெண். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அந்தச் சூடு தேவையற்றது என்னும் முடிவுக்கு வந்தது.

அருகிலிருக்கும் பழைய கதை

நெய்வேலிக்கு அருகிலேயே, கம்மாபுரம் காவல் நிலையத்தில், 1993 மார்ச்சில் முதனை கிராமத்து ராசாக்கண்ணு என்னும் உழைப்பாளி விசாரணையின்போது அடித்துக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியும் உறவினரும் துன்புறுத்தப்பட்டனர். அவர் தப்பியோடிவிட்டதாகக் காவலர்கள் கூறினர். மனைவி விடவில்லை, பின்னாளில் நீதிபதியான வழக்கறிஞர் சந்துரு அவருக்காக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். பல ஆண்டுகளுக்குப்பின் காவலர்கள் தண்டனை பெற்றனர். 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ திரைப்படம் இவ்வழக்கைத் தழுவியது. படத்தின் இறுதியில் சிறுமி ஒருத்தி வழக்கறிஞருக்கு எதிரே கால்மேல் கால் போட்டுச் செய்தித்தாள் படிப்பாள். பார்த்தவர்கள் கைதட்டினர், நாங்களும் தட்டினோம். ஆனால் வழக்கு நடந்த அத்தனை ஆண்டுகளும் தந்தையில்லாத வீட்டில் பிள்ளைகள் எப்படி உறங்கினர் என்பதைக் கேமரா காட்டுவதில்லை.

தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தபின், தாய்மாரோடு 28 குழந்தைகளும் சிறைக்குப் போயினர். 215 பேர் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பானது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கைக்குழந்தையாகச் சிறைக்குள் போனவர் அத்தீர்ப்பு உறுதியானபோது முப்பது வயதைக் கடந்திருப்பார்.

சட்டம் சொல்வதும் கேட்க வேண்டியதும்

குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டியவை சில. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி 18 வயதுக்குட்பட்ட எவரையும் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அச்சட்டத்தின் மாதிரி விதிகள், குழந்தைக்கு விலங்கிடக் கூடாது, வன்முறை கூடாது என்பதோடு, குழந்தைகளைக் கையாளும் காவல் அலுவலர் சீருடையின்றிச் சாதாரண உடையில் இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. அவ்விதியை எழுதியவர் காக்கியைக் கண்டு அஞ்சிய ஒரு குழந்தையையாவது பார்த்திருக்க வேண்டும்.

சாட்சி விசாரணைக்கென்று 15 வயதுக்குட்பட்ட சிறுவனையும், எவ்வயதுப் பெண்ணையும் அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறிடத்துக்கு வரச் சொல்லக் கூடாது. கைதானவரை மருத்துவ அலுவலர் பரிசோதிக்க வேண்டும். அந்த அறிக்கையின் நகல் அவருக்கோ அவர் குறிப்பிடுபவருக்கோ தரப்பட வேண்டும். கேட்டுப் பெறுங்கள். குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

மருத்துவமனைக்கு வரும்போது உண்மையைச் சொல்லுங்கள். ‘வண்டியிலிருந்து விழுந்துவிட்டான்’ என்று சொன்னால் விழுந்த காயத்துக்குத்தான் நாங்கள் மருந்து தருவோம். காயம் எப்படி நேர்ந்தது என்று நீங்கள் கூறியதை விபத்துப் பதிவேட்டில் உங்கள் சொற்களிலேயே எழுதுவது மருத்துவரின் கடமை. வழக்குத் தொடர்வதும் தொடராததும் உங்கள் விருப்பம். பதிவு இருந்தால் ஈராண்டு கழித்தும் அது பேசும். குழந்தையின் காயத்தைப் பற்றிக் கூறும்போது, இயன்றவரை குழந்தையின் முன்னிலையில் ஒரே ஒருமுறை கூறுங்கள். பதிவுச் சீட்டு எழுதும் இடத்தில் ஒருமுறை, செவிலியரிடம் ஒருமுறை, மருத்துவரிடம் ஒருமுறை என்று அது தன் கதையை மூன்று முறை கேட்க வைப்பது எங்கள் ஏற்பாட்டில் உள்ள குறை. தனியே பேச வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். அறை ஒதுக்கித் தருவோம்.

அந்தச் சிறுவனுக்கு வருவோம். வயிற்றுக்கு மருந்து எதுவும் எழுதவில்லை. பாட்டியிடம் பேசினோம், அவருடைய அனுமதியோடு ஆட்டோ ஓட்டுநரிடமும் பேசினோம். அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றார். பின்பு, “என்னைப் பார்த்தா சார் பயந்தான்?” என்றார். மறுநாள் முதல் சிறுவனின் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, காக்கிச் சட்டையின்மேல் கட்டம்போட்ட சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார்; பிள்ளையைப் பள்ளியில் இறக்கியபின் கழற்றிவிடுவார். முதல் வாரம் பாட்டியும் உடன் சென்றார். இரண்டாம் வாரம் வலி இரண்டு நாள் மட்டும் வந்தது.

நான்காம் வாரத்தில் ஒருநாள் சிறுவன் தானாகவே, “அண்ணே, உள்ளே போட்டிருக்கிற சட்டை உங்களுதா?” என்று கேட்டானாம். அவர் மேல்சட்டையைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். அவன் காக்கியின் பொத்தானைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டான். இரவில் இன்னும் சில வேளை விழித்துக்கொள்கிறான். அடுத்த மாதம் முதல் வாரத்தில் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறோம். மாமனையும் அழைத்து வருமாறு பாட்டியிடம் கூறியிருக்கிறோம்.